மோனேயின் நிழல்களைப் பார்த்துப் படித்தேன்

மேலை ஓவிய வரலாற்றுத் தாளுக்கு முதல் தடவை படித்தபோது பெயர்களையும் ஆண்டுகளையும் உருப்போட்டேன். 1874-இல் பாரிஸில், புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டுடியோவில் இம்ப்ரெஷனிஸ்டுகளின், அதாவது கணநேர ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற ஓவியர்களின், முதல் கண்காட்சி. மோனே, ரென்வார், பிசாரோ, தெகா. எல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் ‘இம்ப்ரெஷனிஸ்டுகள் திறந்தவெளி ஒளியைக் கையாண்ட விதத்தை விளக்குக’ என்ற கேள்விக்கு அரைப்பக்கம்கூட எழுத வரவில்லை. ஒளி, ஒளி என்று எழுதினேனே தவிர, அது படத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டத் தெரியவில்லை.

அடுத்த தடவை ஒரே ஒரு படத்தோடு உட்கார்ந்தேன். 1868-69 குளிர்காலத்தில் மோனே வரைந்த ‘மேக்பை’. பனி மூடிய நிலம், ஒரு வேலி, படலின் மேல் ஒரு மேக்பை பறவை. வெயில் வேலிக்குப் பின்னாலிருந்து வருவதால் நிழல் நம் பக்கம் விழுகிறது. அந்த நிழல் நீலம்! நேர்வெயில் மறைந்த இடத்தில் வானத்தின் வெளிச்சம் மட்டும் பனியில் படுகிறது, அதனால்தான். நம்பிக்கை வராமல் மொட்டைமாடியில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக் கையை நீட்டிப் பார்த்தேன். முதலில் சாம்பல்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தபோது மெல்ல நீலம் ஏறியது. அன்றைக்கு வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

அப்புறம் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’. 1872 என்று தேதியிட்ட, லே ஆவ்ர் துறைமுகத்துப் படம். அதைப் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஆரஞ்சுச் சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். சூரியனுக்கும் சுற்றியிருக்கும் வானத்துக்கும் வெளிச்ச அளவில் பெரிய வித்தியாசம் இல்லை, நிறம்தான் வேறு. நீலச்சாம்பலுக்குப் பக்கத்தில் ஆரஞ்சை வைத்தே அதைத் தகதகக்க வைத்திருக்கிறார். இப்படி நீலமும் ஆரஞ்சும் போன்ற எதிர்நிறங்கள் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று வேதியியலாளர் செவ்ரல் 1839-லேயே விளக்கியிருந்தார். இந்த இடத்தில் அவர் பெயரைச் சேர்த்தால் விடைக்குக் கனம் கூடும்.

வெளியே போய் வரைய வசதி எப்படி வந்தது என்பதற்கு இரண்டு வரி போதும். ஓவியர் ஜான் ராண்ட் 1841-இல் காப்புரிமை பெற்ற, வண்ணம் அடைக்கும் தகர டியூப் வருவதற்கு முன்னால், குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில்தான் கட்டி வைத்தார்கள். த்ரூவில் கடற்கரையில் 1870-இல் மோனே வரைந்த ஒரு படத்தில் மணல் துகள்கள் இன்னமும் வண்ணத்தோடு ஒட்டியிருக்கின்றன. இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். ‘எல்லாப் படங்களையும் வெளியிலேயே முடித்தார்கள்’ என்று எழுதிவிடாதீர்கள். ரூவான் நகரத் தேவாலயத்தைத் திரும்பத் திரும்ப வரைந்த பட வரிசையை மோனே 1892, 93-இல் அங்கேயே தொடங்கினாலும், ஜிவெர்னி வீட்டு ஸ்டுடியோவில் வைத்துத்தான் முடித்தார். தெகாவுக்கோ வெளியில் போய் வரைவதே பிடிக்காது. நேரம் குறைவாக இருந்தாலும் அவருக்கு ஒரு வரி ஒதுக்கிவிடுங்கள்.