டிரைவிங் ஸ்கூல் பார்க்கப் போறீங்களா? மாஸ்டரின் காலைப் பாருங்கள்

ப்ளஸ் டூ முடித்த மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுத்தர சென்னையில் அசோக் நகர், கே.கே. நகர், வடபழனிப் பக்கம் நாலைந்து டிரைவிங் ஸ்கூல் ஏறி இறங்கினேன். எங்கே போனாலும் முதல் பேச்சு இதுதான்: "லைசென்ஸ் நாங்க வாங்கித் தந்துடுவோம் சார், கவலையே படாதீங்க." எனக்குக் கவலை அங்கேதான் ஆரம்பித்தது. எல்.எல்.ஆருக்கு (பழகுநர் லைசென்ஸ்) அரசின் பரிவாகன் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். அது 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் டெஸ்ட்டுக்குப் போகலாம். ஸ்கூலுக்குக் கொடுக்கும் காசு ஓட்டக் கற்றுக்கொள்ளத்தான்.

ஆகவே கட்டணத்துக்கு முன்னால், ஸ்டீயரிங் பிள்ளை கையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேளுங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ன்படி பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் ஓட்டும் நேரம் மட்டுமே 10 மணி நேரமாவது இருக்க வேண்டும். நடப்பில் "அரை மணி நேர கிளாஸ்" என்பார்கள். காரில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஆளுக்கு ஒரு ரவுண்டு. மற்ற நேரம் பின்சீட்டில் வேடிக்கை. அடுத்த மாணவர் வீட்டுக்குப் போகும் வழியையே கிளாஸ் கணக்கில் சேர்ப்பவர்களும் உண்டு. யார் எவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்று எழுத ஃபார்ம் 15 என்றே ஒரு பதிவேடு இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த ஸ்கூலுக்கு நடையைக் கட்டலாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு கிளாஸில் பின்சீட்டில் உட்கார அனுமதி கேளுங்கள். உட்கார்ந்ததும் ரோட்டைப் பார்க்காமல் மாஸ்டரின் காலைப் பாருங்கள். ஸ்கூல் காரில் அவர் பக்கமும் கிளட்ச், பிரேக் இருக்கும். இருக்க வேண்டியதுதான், விதியே அப்படி. ஆனால் சிலர் காலை அதிலிருந்து எடுப்பதே இல்லை. வலது கை வேறு ஸ்டீயரிங்கின் ஓரத்தில். வண்டி வழுக்கிக்கொண்டு போகும், பிள்ளையும் 'நான்தான் ஓட்டுகிறேன்' என்று நம்பும். நாங்கள் கடைசியில் சேர்த்த இடத்தில் மாஸ்டர் காலைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டார். சிக்னலில் வண்டி ஆஃப் ஆனது. பின்னால் ஷேர் ஆட்டோக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மகள் பதறினாள். "அவன் அடிக்கட்டும்மா. நியூட்ரல் போடு, ஸ்டார்ட் பண்ணு, ஹாஃப் கிளட்ச்ல நிதானமா விடு" என்றார். அதைப் பார்த்த பிறகு கட்டணத்தில் பேரம் பேச மனம் வரவில்லை.

காலி ரோட்டிலேயே சுற்றினால் பத்தாது. மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்ப வேண்டும், மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு போட்ட ரோட்டில் போக வேண்டும், எம்.டி.சி. பஸ் பக்கத்தில் வரும்போது லேனை விட்டு விலகாமல் போக வேண்டும். இதெல்லாம் பயிற்சியில் உண்டா என்று கேளுங்கள். கடைசி வரை ஒரே மாஸ்டர்தானா என்பதையும் கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் இது இன்னும் முக்கியம். ஆள் மாறிக்கொண்டே இருந்தால் தினமும் முதல் பாடம்தான்.

"17 வயசா? பரவாயில்லை, சும்மா பழகட்டும்" என்கிற இடத்துக்கு ஒரு கும்பிடு. காருக்கு 18 முடிந்திருக்க வேண்டும். மைனர் ஓட்டி மாட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின் கீழ் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

லைசென்ஸ் வந்த பிறகு நம் சொந்தக் காரில் சில கிளாஸ் எடுக்க அதே மாஸ்டர் வருவாரா என்று சேரும்போதே பேசி வையுங்கள். எங்கள் மாஸ்டர் வந்தார். நம் காரில் அவர் பக்கம் பிரேக் கிடையாதே, முதல் நாள் கைப்பிடியை விடாமல்தான் உட்கார்ந்திருந்தார்.