வாவிக்கு இரண்டு கரை

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்புக்குக் கோயில் கும்பிட வருகிறவர்களில் பலர் மாமாங்கத்தில் தீர்த்தமாடி, புளியந்தீவில் கோட்டையைப் பார்த்து, கல்லடிப் பாலத்தில் நாலு படம் எடுத்துக்கொண்டு இரவு பஸ்ஸுக்கே திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கண்டது எழுவான்கரையை மட்டும். பொழுது எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நடுவே ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி கிடக்கிறது. ஊரார் அதை ஆறு என்றே சொல்வார்கள். வயலும் மாட்டுப்பட்டியும் பழைய பெருங்கோயில்கள் சிலவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் மிகவும் அடிபட்டதும் அந்தப் பக்கம்தான். ஆகவே கோயில் யாத்திரை என்று வந்தால் ஆற்றைக் கடக்க வேண்டும். அதற்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள், மூன்று இருந்தால் பதற்றமில்லை.

காலம் பார்த்து வருவது முக்கியம். கார்த்திகை, மார்கழியில் வாடை மழை பிடித்தால் படுவான்கரை வீதிகளில் வெள்ளம் ஏறும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் மணல் அடைத்து நீர் தேங்கினால் ஆற்றுவாய் வெட்டிக் கடலுக்கு விட்ட பிறகுதான் வயலும் வீதியும் தெளியும். ஆனியும் ஆடியும் கச்சான் என்னும் மேல்காற்றுக் காலம். காற்று வறண்டு அடிக்கும், வீதி மணல் பத்து மணிக்கே காலைச் சுடும். பெரிய திருவிழாக்கள் பல வருவதும் அந்த வெயிலில்தான். வேட்டி, துவாய், தண்ணீர்ப் போத்தல் மூன்றையும் கையில் வைத்திருங்கள். ஆண்கள் சேர்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால் துவாய் தோளுக்கும் ஆகும், தலைக்கும் ஆகும்.

மாமாங்கேஸ்வரர் கோயில் நகரத்தை ஒட்டிய அமிர்தகழியில் இருக்கிறது. ஆடி அமாவாசைத் தீர்த்தம் கோயிலின் திருக்குளத்தில். அன்றைக்கு நகரத்தில் தங்க இடம் கிடைப்பது கடினம் என்பதால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். விடிய முன்னரே கோயிலடிக்குப் போய்விடுங்கள், வெயில் ஏறினால் கரையில் நிற்கவே இடமிராது. குளத்துப் படிகளில் பாசி வழுக்கும். வயதானவர்களைக் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தடவிப் பார்த்து இறக்க வேண்டும். நகை போட்டுக்கொண்டு இறங்க வேண்டாம். தொலைபேசியையும் மாற்றுடுப்பையும் கரையில் ஒருவர் காவலிருந்து பார்க்க வேண்டும்.

இந்த அமாவாசை தகப்பனை இழந்தவர்களுக்கு உரிய விரதம். தாய்க்குச் சித்திரைப் பௌர்ணமி. தகப்பன் பெயரையும், பாட்டன், பூட்டன் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். குருக்கள் கேட்கும்போது பூட்டன் பெயர் ஞாபகம் வராமல் நிற்கிறவர்களை ஒவ்வொரு வருடமும் காணலாம். எள்ளும் தர்ப்பையும் கரையில் கிடைக்கும். தானத்துக்கான அரிசி, காய்கறியை வீட்டிலிருந்தே கொண்டுவருவது நல்லது. தட்சணைக்குச் சில்லறைத் தாள்கள் வேண்டும். மோட்ச அருச்சனை செய்வதென்றால் இறந்தவரின் பெயர், நட்சத்திரம் எழுதிய துண்டைத் தட்டில் வைத்துக் கொடுங்கள்.

இறந்த திதி தெரியாதவருக்கு அமாவாசையில் பிதிர்க்கடன் செய்யலாம் என்பது பழைய வழக்கம். மட்டக்களப்பில் அந்த வழக்கத்துக்குப் போர் ஒரு பெரும் பாரத்தை ஏற்றிவிட்டது. எந்த நாளில், எந்த இடத்தில் என்று தெரியாமல் இழந்தவர்களுக்காக எள்ளும் தண்ணீரும் இறைக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்கு எள் இறைக்க மனம் வராமல், வருவான் என்று சொல்லி, அவன் பெயரில் அருச்சனை மட்டும் செய்துவிட்டுப் போகிற தாய்மாரும் இருக்கிறார்கள். அந்த அருச்சனைக்கு நட்சத்திரம் சொல்லும்போது உயிரோடு இருப்பவருக்குச் சொல்வதுபோலவே சொல்வார்கள். பக்கத்தில் நிற்கிறவர் யாருக்காக என்று கேட்கக் கூடாது. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். கரையில் நின்று முகங்களைப் படம் எடுப்பதை அடியோடு விட்டுவிடுங்கள்.

அடுத்த நாள் படுவான்கரைக்கு. நகரத்திலிருந்து கல்லடிப் பாலம் தாண்டித் தெற்கே போனால் காத்தான்குடி வரும். 1990 ஆகஸ்ட் 3 இரவு தொழுகையில் இருந்தவர்கள் கொல்லப்பட்ட பள்ளிவாசல்கள் இந்த ஊரில்தான் இருக்கின்றன. கோயிலுக்குப் போகிற பாதையில் இதுவும் இருக்கிறது என்று அறிந்தே கடந்து போக வேண்டும். ஆரையம்பதி தாண்டி மண்முனையில் மேற்கே திரும்பினால் 2014இல் திறந்த பாலம். அதற்கு முன் இங்கே 'பாதை'தான் ஓடியது. பாதை என்றால் இங்கே ஆளும் வண்டியும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. வெளியூர்க்காரர் 'பாதை எங்கே' என்று வழி கேட்டால் துறையைக் காட்டுவார்கள். 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்ததால் ஆற்றைக் கடப்பது என்பது ஓர் எல்லையைக் கடப்பதாக இருந்தது. நகரத்துப் பக்கத்திலிருந்து வலையிறவுப் பாலம், வவுணதீவு வழியாகவும் வரலாம். அந்த வவுணதீவில்தான் அப்போது சோதனைச் சாவடி. இப்போது காய்கறி மூட்டையும் தயிர்ச் சட்டியும் கட்டிய மோட்டார் சைக்கிள்கள் நிற்காமல் போகின்றன.

மண்முனைப் பாலம் இறங்கியதும் மகிழடித்தீவு. 1987 ஜனவரியிலும் 1991 ஜூனிலும் இந்தப் பகுதியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். நினைவுத்தூபி இருக்கிறது. வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். கோயிலுக்கு வாங்கிய பூவில் ஒன்றை இங்கே வைப்பதில் குறை ஒன்றுமில்லை.

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் பெயருக்கேற்பத் தானாகத் தோன்றியவர். வேடன் திடகன் கொக்கட்டி மரத்தை வெட்டினான், மரத்தில் இரத்தம் கசிந்தது, துணியால் மூடிவிட்டு ஓடிப்போய் ஊருக்குச் சொன்னான் என்பது தலக்கதை. பறங்கியர் (போர்த்துக்கேயர்) இடிக்க வந்தபோது கல் நந்தி எழுந்து புல் தின்று சாணமிட்டது என்பார்கள். நந்தியைக் கும்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. இது 'தேசத்துக் கோயில்', ஓர் ஊருக்கு மட்டுமன்றிப் பல ஊர்களுக்கும் பொதுவானது. நிர்வாகம் வண்ணக்கர்மார் எனப்படும் கோயில் பொறுப்பாளர்களிடம் இருக்கும். திருவிழா நாட்கள் தாய்வழி வரும் 'குடி' என்ற குலப்பிரிவுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டவை. அன்றைய பூசை எந்தக் குடிக்கோ அவர்களுக்கே முதல் மரியாதை. வெளியிலிருந்து வந்து பெரிய தொகை கொடுத்து 'எங்கள் பெயரில் இன்றைய திருவிழா' என்று கேட்பது நடக்காது, கேட்டால் மனம் நோகும். அன்னதானத்துக்கு அரிசியோ தேங்காயோ கொடுக்க விரும்பினால் முன்னதாக வண்ணக்கரிடம் பேசுங்கள். இடப்பெயர்வும் குண்டும் இந்த ஊர்களைக் கலைத்துப் போட்ட பிறகும், திரும்பி வந்தவர்கள் யாருக்கு எந்த நாள் என்பதை மறக்காமல் கோயிலைத் திரும்பவும் நடத்தினார்களே, அதற்குக் காரணம் இந்தக் குடிமுறைதான் என்பது எங்கள் எண்ணம். வீட்டுக் கூரையைவிட முந்திக் கோயில் விளக்கைப் பார்த்தவர்கள் இந்த மக்கள்.

கோயில் வீதியில் உட்கார்ந்தால் யாராவது ஒரு கிழவி 'எந்த ஊருகா மகன்?' என்று கேட்பார். பதில் சொல்லி, வெற்றிலை நீட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். வட்டா என்னும் வெற்றிலைத் தட்டில் வைத்து நீட்டிய வெற்றிலையை மறுப்பது இங்கே மரியாதையாகாது, மெல்லாவிட்டாலும் கையில் வாங்க வேண்டும்.

அங்கிருந்து படுவான்கரையோடே தெற்கே வெல்லாவெளி வழியாக மண்டூர் முருகன் கோயில். சின்னக் கதிர்காமம் என்பார்கள். இங்கே ஆகமப் பூசையில்லை. பூசை செய்பவரான கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்குள் பூசை செய்வார். மூலஸ்தானம் தெரியவில்லையே என்று எட்டிப் பார்க்கிறவர்கள் உண்டு. திரையைத்தான் கும்பிட வேண்டும், அதற்கு அப்பால் பார்க்கக் கேட்கக் கூடாது. மந்திரச் சத்தமும் இராது, பேச்சைக் குறைத்துக்கொள்ளுங்கள். திருவிழா ஆவணியில்.

மண்டூர்த் துறையிலிருந்து குருமண்வெளிக்குப் பாதை ஓடுகிறது. ஆற்றை மிதவையில் கடக்கும் அனுபவம் வேண்டுமென்றால் இதை விடாதீர்கள். மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் ஏற்றுவார்கள். ஏறும்போது வண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுங்கள். பலகையில் சக்கரம் வழுக்கி விழுவது நடக்கிற காரியம். காற்று கடுமையாக இருந்தால் தாமதமாகும், இருட்டும் வரை கோயிலடியில் நின்றுவிட வேண்டாம். தவறினால் பட்டிருப்புப் பாலம் சுற்றித்தான் எழுவான்கரையிலுள்ள களுவாஞ்சிகுடிக்கு வர வேண்டும்.

செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் கண்ணகி அம்மன் கோயில்களையும் வழியில் பார்த்துவிடலாம் என்று ஆடியில் வருகிறவர்கள் பூட்டிய கதவைக் கண்டு ஏமாறுகிறார்கள். அம்மன் சடங்கு வைகாசியில். கதவு திறந்து, அம்மனின் கலியாணச் சடங்குக்கான கலியாணக்கால் நட்டு, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாட்டுப் பாடி, திரும்பவும் கதவு அடைத்துவிடுவார்கள். அதைக் காண விரும்பினால் வைகாசிப் பௌர்ணமியை ஒட்டித் தனியாக வர வேண்டும்.

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமிக்கும் ஆடி அமாவாசையில்தான் தீர்த்தம். அது கடலில். மாமாங்கத்திலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல் தூரம் என்பதால் இரண்டையும் ஒரே காலையில் பிடிக்க நினைக்காதீர்கள். வயதானவர்களோடு வந்தால் மாமாங்கம். கடல் தீர்த்தம் வேண்டுமென்றால் முதல் நாளே திருக்கோவிலுக்குப் போய்த் தங்குங்கள். 2004 ஆழிப்பேரலை அடித்த கரை இது. கடலில் இறங்கும்போது அலைக்குப் பக்கவாட்டாக நின்று, முழங்காலளவு தண்ணீரில் குனிந்து முழுகி உடனே எழ வேண்டும். பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். கரையில் விட்டு, தலையில் தண்ணீர் தெளித்தால் போதும்.