இடுப்பு 22

மார்ச் 3
தோல் இறுகியதால் வலது இடுப்பு முழுதாக நீள 22 டிகிரி குறைகிறது. இடது 15. காலை ஏழு மணி, குளிப்பதற்கு முன்.

மார்ச் 4
இன்று 17 காட்டியது. கணக்கில் சேர்க்க வேண்டாம், வெந்நீரில் குளித்த பிறகு எடுத்தது. தோல் சூடானால் சில டிகிரி தானாக இளகும், மாலைக்குள் பழையபடி இறுகிவிடும்.

அளக்கும்போது மல்லாக்கப் படுக்க வேண்டும். இடது முழங்காலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்ததும் வலது தொடை படுக்கையை விட்டு எழும்புகிறதே, அந்தக் கோணம்தான் குறை. கோணமானியின் அச்சு தொடையின் மேல்முனையில் வெளிப்பக்கம் தட்டுப்படும் எலும்பு மேட்டில் இருக்க வேண்டும். கோணமானியின் ஒரு கை உடம்புக்கு இணையாக, மற்றது முழங்காலின் வெளி முண்டை நோக்கி. முதுகு வில்லாக வளைந்தால் (அடியில் கை விட்டால் தெரியும்) குறை ஒளிந்துகொள்ளும். இடது காலை அதிகமாக அமுக்கினாலோ இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, இல்லாத குறையும் சேர்ந்துவிடும்.

மார்ச் 7
தொடையைக் கிள்ளினால் மடிப்பே எழவில்லை. பலகையைக் கிள்ளுவது போல. ரோமம் கொஞ்சம் கூடியிருக்கிறது. விரல்கள் மெத்தென்றுதான் இருக்கின்றன, குளிரில் வெளுக்கவோ நீலம் பாரிக்கவோ இல்லை. அப்படியும் "ஸ்கிளிரோடெர்மாவா?" என்ற கேள்வி விடுவதில்லை; அதுவும் தோலை இறுக்கும் நோய்தான், ஆனால் வேறு. 1971-இல் எஸ்டர்லி, மெக்கூசிக் என்ற மருத்துவர்கள் இதற்கு 'ஸ்டிஃப் ஸ்கின்' (விறைத்த தோல்) என்று தனியாகவே பெயர் வைத்துவிட்டார்கள். மரபணு பிடிபட 2010 ஆயிற்று: ஃபிப்ரில்லின்-1, உடம்பின் இணைப்புத் திசுவுக்கான புரதத்தின் மரபணு. அதே மரபணு வேறு இடத்தில் பிசகினால் மார்ஃபன் என்ற வேறொரு மரபுநோய், அங்கே மூட்டு தளர்ந்துபோகும். இங்கே பூட்டிக்கொள்கிறது.

மார்ச் 8
மறுபடி ஸ்டீராய்டு பேச்சு. அழற்சியே இல்லாத இடத்தில் அது எதை அணைக்கும்? எலும்பு மெலிவதும் வளர்ச்சி குன்றுவதும்தான் மிச்சம்.

மார்ச் 12
குப்புறப் படுத்தல் 20 நிமிடம், இரண்டு வேளை. வயிற்றுக்கு அடியில் தலையணை வைத்தால் படுத்ததாகவே ஆகாது, இடுப்பு மடங்கியபடிதான் இருக்கும். முதலில் இளஞ்சூட்டு ஒத்தடம், பிறகு நீட்டல்: 30 விநாடி பிடித்து, விட்டு, நான்கு முறை. இறுக்கம் தட்டும் இடத்தில் நிறுத்த வேண்டும். வலிக்க இழுத்தால் தசை எதிர்த்து இழுக்கும், அன்றைய பாடு வீண். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் மறுநாள் காலை எண்ணிலேயே தெரிந்துவிடும்.

மார்ச் 13
22.

மார்ச் 19
பயாப்சி (சோதனைக்கான திசுத் துண்டு) தசையுறை வரை ஆழமாக எடுக்க வேண்டும். சென்ற முறை மேல்தோலோடு சின்னதாகத் துளைத்து எடுத்ததில் "குறிப்பிடத்தக்க மாற்றமில்லை" என்று வந்தது. எப்படி வரும், தடிப்பு அடியில் அல்லவா இருக்கிறது.

நெஞ்சுத் தோலும் இறுகினால் விலா விரியாது. நுரையீரல் நன்றாக இருந்தும் மூச்சின் அளவு குறையும். ஊதிப் பார்க்கும் சோதனையை இப்போதே ஒருமுறை எடுத்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட ஏதாவது இருக்கும். இப்போது விலா இரண்டு பக்கமும் சமமாகத்தான் விரிகிறது. நேற்றும் பார்த்தது. முந்தாநாளும்.

மரபணு அறிக்கை இன்னும் வரவில்லை.

மார்ச் 24
21. குளிப்பதற்கு முன்தான். முதுகுக்கு அடியில் கை விட்டுப் பார்க்கவில்லை.