சோறு ஏறிவரும் பாதை

அக்டோபர் 5, வியாழன். பக்டிங், 2,610 மீட்டர்

எவரெஸ்ட் அடிவாரமுகாம் வரை நடந்து வர நானும் மகளும் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்குக் காத்மாண்டுவிலிருந்து ஜீப்பில் கிளம்பினோம். நடை தொடங்குவது லுக்லா என்ற மலையூரில். நெரிசலான மாதங்களில் லுக்லா விமானங்கள் ராமேசாப் மாவட்டத்து மந்தலியிலிருந்துதான் பறக்கின்றன. வானத்தில் இருந்தது இருபது நிமிடம்கூட இராது. லுக்லாவின் ஓடுபாதை 527 மீட்டர். மலையை நோக்கி மேடேறிச் சுவரில் முடிகிறது. சக்கரம் தரையைத் தொட்டபோது மகள் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் அப்படிப் பிடித்ததில்லை.

எங்கள் மூட்டையைச் சுமக்க ஒருவர் வந்திருக்கிறார். வயது 23. லுக்லாவுக்குத் தெற்கே உள்ள சோலுவின் கீழ்ப்பகுதியைச் சேர்ந்த ராய் இனத்தவர். நேபாளியில் தம்பியை ‘பாய்’ என்பார்கள். நானும் அப்படியே அழைக்கிறேன். அவர் என்னை ‘தாஜு’, அதாவது அண்ணா, என்கிறார். இந்தப் பயணம் முடிந்ததும் நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைனுக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்று முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட்டார்.

அறைக்கு 500 நேபாள ரூபாய். இரவு உணவையும் காலை உணவையும் இதே விடுதியில் சாப்பிடவேண்டும் என்பது பேச்சு. இந்தப் பாதை முழுக்க இதுதான் வழக்கம். விடுதிக்காரர்களுக்கு அறையில் வருமானம் இல்லை, அடுப்பில்தான். ஏழு மணிக்குத் தால்பாத் வந்தது: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, கீரை, முள்ளங்கி ஊறுகாய், ஓர் அப்பளம். மறுசோறு கேட்காமலே வருகிறது. மறுசோற்றுக்குக் காசு இல்லை.

நாங்கள் கைகழுவிய பிறகும் பாய் சாப்பிட உட்காரவில்லை. கேட்டேன். “விருந்தாளிகள் எல்லாரும் முடிக்கட்டும், தாஜு. அப்புறம் எங்களுக்கு.” மணி எட்டரை. பகல் முழுக்க எங்கள் 22 கிலோவைத் தூக்கி வந்தவர் அவர்.

அக்டோபர் 6, வெள்ளி. நாம்சே பஜார், 3,440 மீட்டர்

மோஞ்சோவில் சாகர்மாதா தேசியப் பூங்காவின் வாயில். எவரெஸ்டுக்கு நேபாளிப் பெயர் சாகர்மாதா. 1976இல் அமைந்த பூங்கா இது. அதைத் தாண்டி, தூத்கோசி ஆற்றின் மேலே ஊசலாடும் பாலத்தைக் கடந்தால் நாம்சே வரை ஒரே ஏற்றம்.

இன்று மலையைவிட முதுகுகளைத்தான் அதிகம் பார்த்தேன். கோவேறு கழுதைகளின் முதுகில் எரிவாயு சிலிண்டர்கள். ஒரு மனிதரின் முதுகில், அவர் அகலத்துக்கு மூன்று மடங்கு ஒட்டுப்பலகைகள். இன்னொருவரின் கூடையில் நூடுல்ஸ் பெட்டிகள், அவற்றின் மேலே அடுக்கடுக்காக முட்டை அட்டைகள். கூடைக்கு டோக்கோ என்று பெயர். அதன் பாரத்தை நெற்றியில் தாங்கும் பட்டை நாம்லோ. நிற்கவேண்டுமென்றால் கூடையை இறக்குவதில்லை. தலைப்பில் குறுக்குக்கட்டை வைத்த கோல் ஒன்றை அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே மூச்சு வாங்குகிறார்கள். கீழே ஊர்களில் சௌத்தாரா என்ற கல்மேடைகள் உண்டு, சுமையை இடுப்பு உயரத்திலேயே இறக்கிவைக்க. நம் பழைய சாலைகளில் நின்ற சுமைதாங்கிக் கல் நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 7, சனி. நாம்சே

உயரத்துக்கு உடல் பழக ஒருநாள் இங்கேயே தங்கல். இன்று வாரச் சந்தை. படிக்கட்டு போன்ற திடல்களில் அரிசி மூட்டை, பூண்டு, பச்சை மிளகாய், மாவு, பிளாஸ்டிக் செருப்பு. இந்தச் சந்தைக்குச் சுமை கொண்டுவரும் மனிதர்களை அறிவியலாளர்கள் எடைபோட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆய்வு 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. ஆண்கள் சராசரியாகத் தம் உடல் எடையில் 93 விழுக்காட்டைச் சுமக்கிறார்கள். பெண்கள் 66 விழுக்காட்டை. படித்தபோது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. இன்று அந்த எண்ணுக்கு வியர்வையும் பெருவிரல் நகமும் இருந்தன.

பிற்பகல் கும்ஜுங் வரை ஏறி இறங்கினோம். எட்மண்ட் ஹிலாரி 1961இல் தொடங்கிய பள்ளிக்கூடம் அங்கே இருக்கிறது. அதற்கு அருகில் ஒரு வீட்டில் ரிகி குர் சாப்பிட்டோம். பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, மாவு சேர்த்து, தடித்த அடையாகச் சுடுகிறார்கள். மேலே வெண்ணெய், பக்கத்தில் மிளகாய் அரைத்த சீஸ். ஓரம் மொறுமொறு, நடு மெத்து. அந்தக் கிழங்கு அந்த வீட்டின் பின்புறத்து நிலத்தில் விளைந்தது. யாக் வெண்ணெயா என்று மகள் கேட்டாள். வீட்டுக்காரப் பெண்மணி சிரித்துவிட்டார். யாக் என்பது ஆண். பால் கொடுப்பது நாக். கோப்பையில் வெண்ணெய்த் தேநீர் ஒரு வாய் குறைந்தாலும் “ஷே, ஷே” என்று ஊற்றிவிடுகிறார். ‘சாப்பிடுங்கள், இன்னும்’ என்று வற்புறுத்தும் ஷெர்பாச் சொல் அது. உப்புத் தேநீர் முதல் வாயில் ரசம்போல் இருக்கிறது. தேநீர் என்ற நினைப்பை விட்டுவிட்டால் நன்றாகவே இருக்கிறது.

இனி மேலே சைவம் மட்டும் என்று முடிவு செய்தோம். நாங்கள் நடக்கும் இந்தக் கும்புப் பள்ளத்தாக்கில் விலங்கு அறுப்பதில்லை. இறைச்சி கீழிருந்து நாட்கணக்கில் கூடையில் வருகிறது.

அக்டோபர் 8, ஞாயிறு. தெங்போச்சே, 3,860 மீட்டர்

மடாலயம் 1916இல் எழுந்தது; 1934 நிலநடுக்கத்திலும் 1989 தீயிலும் அழிந்து மீண்டும் எழுந்தது. மாலைப் பூசையில் துறவிகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு ஒரு சிறுவன் ஓடினான். குளிர் எலும்பில் ஏறுகிறது. சீக்கிரம் தூங்குகிறேன்.

அக்டோபர் 10, செவ்வாய். டிங்போச்சே, 4,410 மீட்டர்

இரண்டாவது இரவு. கல்வேலிகளுக்குள் வாற்கோதுமை வயல்கள். இந்த உயரத்தில் வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சி விளைவிக்கிறார்கள். அதை வறுத்து அரைத்த மாவுக்கு ‘ட்சாம்பா’ என்று பெயர். காலையில் கஞ்சியாகக் கிடைத்தது.

மாலை ஐந்துக்கு உணவுக்கூடத்தின் நடுவிலுள்ள இரும்பு அடுப்பில் உலர்ந்த யாக் வறட்டியை அடுக்கினார்கள். அதுவரை எல்லாரும் தொப்பியோடு அறையில் முடங்கிக் கிடந்தோம். தீ பிடித்ததும் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. சுவர் என்பது ஒட்டுப்பலகை. பக்கத்து அறையில் ஒருவர் புரண்டு படுத்தால் என் கட்டில் அறிகிறது. எட்டு மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். அதற்குள் வெந்நீரைப் புட்டிகளில் நிரப்பி, ஒன்றைத் தூக்கப்பைக்குள் காலடியில் வைத்துக்கொள்கிறோம். விடிந்ததும் அதே நீர்தான் குடிநீர். கழிப்பறை டிரம்மில் இருப்பதை நம்பமுடியாது. காலையில் மேலே பனிக்கட்டி, குவளையால் உடைத்துத்தான் மொள்ளவேண்டும்.

சமையலறையை எட்டிப் பார்க்க அனுமதி கேட்டேன். விடுதி நடத்தும் தீதீ, அக்கா என்று சொல்லலாம், உள்ளே உட்காரவைத்துவிட்டார். மூன்று பிரஷர் குக்கர்கள் இரைந்துகொண்டிருந்தன. இங்கே தண்ணீர் 85 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக வெகுநேரம் பிடிக்கும். குக்கர் இல்லாவிட்டால் தால்பாத் இல்லை. கைகளால் விரல்விட்டு விசில் எண்ணுகிறார் தீதீ, என் அம்மா எண்ணுவதுபோலவே. அடுத்த மேசையில் ஒருவர் பீட்சா கேட்டிருந்தார். அந்த ஒரு தட்டுக்காக அடுப்பும் எரிவாயுவும் தனியே ஓடின. பிறகு அது பாதி மீந்தது. எல்லாரும் ஒரே உணவைக் கேட்டால் ஒரு குக்கரில் இருபது பேர் சாப்பிடலாம். மேலே வருகிறவர்கள் இதை யோசிக்கவேண்டும் என்று மனப்பூர்வமாக விரும்புகிறேன்.

மதியம் மேட்டைத் தாண்டி பெரிச்சே போய், 1973 முதல் இயங்கும் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் மருத்துவமனையில் மலைநோய் பற்றிய விளக்கம் கேட்டோம். பசியின்மையும் குமட்டலும் களைப்பின் பகுதி என்று விட்டுவிடக் கூடாது, தலைவலியோடு சேர்ந்தால் அதுவே நோயின் அடையாளம் என்றார் மருத்துவர். அறிகுறி இருந்தால் மேலே ஏறக் கூடாது; மோசமானால் இறங்கவேண்டும்.

அக்டோபர் 11, புதன். லோபுச்சே, 4,940 மீட்டர்

தலைவலி. சோற்று வாசனையே ஆகவில்லை. பூண்டு சூப் இரண்டு வாய், அதுவும் வெளியே வந்துவிட்டது. உயரத்துக்குப் பூண்டு மருந்து என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள்; எனக்கு அதில் பயன்பட்டது உப்பும் சூடும்தான் என்று தோன்றுகிறது.

“நாளைக்கு இங்கேயே இருக்கிறோம், அப்பா” என்றாள் மகள். நான் மறுக்கவில்லை. பாய் சமையலறைக்குள் போய் என்னவோ பேசினார். அரைமணியில் ஒரு கிண்ணம் வந்தது: அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்த ஜாவுலோ. பட்டியலில் இல்லாத உணவு. நேபாள வீடுகளில் நோயாளிக்கும் குழந்தைக்கும் கொடுப்பது. பையைத் துழாவி உப்பு நார்த்தங்காயை எடுத்தேன். ஒரு கீற்று வாயில் அடக்கியதும் நாக்கு விழித்தது. ஆறு கரண்டி இறங்கியது. மகள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 12, வியாழன். லோபுச்சே

ஓய்வு. நான்கு லிட்டர் குடித்தேன்: வெந்நீர், எலுமிச்சை நீர், இஞ்சித் தேநீர். மாலையில் தலைவலி விட்டது. இரவு தானாகவே பசித்தது.

அக்டோபர் 13, வெள்ளி. கோரக்செப், 5,164 மீட்டர்

எவரெஸ்ட் அடிவாரமுகாம் வரை போய்த் திரும்பிவிட்டோம். 5,364 மீட்டர். இலையுதிர்காலத்தில் கூடாரங்கள் அதிகம் இல்லை. கல்லும் பனிக்கட்டியும் கொடித்தோரணமும். நான் பேசவில்லை. மகள் அழுதாள், நானும்தான்.

கோரக்செப்பில் தண்ணீர் அரிது. கேன்களில் சுமந்து கொண்டுவருகிறார்கள். ஒரு லிட்டர் வெந்நீர் 500 ரூபாய். கீழே 150 கொடுத்தபோது முணுமுணுத்தேன். இங்கே கேன் சுமந்து மூச்சிரைத்து வந்த பெண்ணைப் பார்த்த பிறகு அந்தக் கணக்கை விட்டுவிட்டேன்.

இரவு ஒன்பதரைக்கு மறந்துபோன கண்ணாடியை எடுக்க உணவுக்கூடத்துக்குப் போனேன். நாங்கள் உட்கார்ந்திருந்த பலகைகளின் மேல் வரிசையாக ஆட்கள் படுத்திருந்தார்கள். சுமைகாரர்கள், வழிகாட்டிகள். அவர்களுக்கு அறை இல்லை. நாங்கள் எழுந்துபோனால்தான் படுக்கை. நாங்களோ சீட்டாடிக்கொண்டு எட்டேமுக்கால் வரை அங்கே இருந்திருக்கிறோம். பாய் ஓரத்தில், என் பழைய கம்பளியைப் போர்த்தியபடி. சத்தமின்றிக் கதவைச் சாத்தினேன். இனி ஏழரைக்கே எழுந்துவிடுவது என்று மகளிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே அதையே நினைத்திருந்தாள்.

அக்டோபர் 14, சனி. பாங்போச்சே

ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். காற்று கெட்டியாகிறது, வயிறு திறக்கிறது. தால்பாத், மூன்று முறை சோறு. நாளை நாம்சே.

அக்டோபர் 16, திங்கள். லுக்லா

நாம்சேயில் ஆளுக்கு ஒரு கிலோ குப்பைப் பை வாங்கிப் பையின் பக்கத்தில் தொங்கவிட்டு வந்தோம். மேலே குவியும் குப்பையை இறங்குகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விமானத்தளம் வரை எடுத்துவரும் ஏற்பாடு. கும்புவில் கண்ணாடிப் புட்டிகளுக்கு 1998இலேயே தடை வந்துவிட்டது. நெகிழி இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்றிரவு எங்களோடு உட்கார்ந்து சாப்பிடவேண்டும் என்று பாயிடம் கேட்டுக்கொண்டேன். விடுதியில் அவருக்குக் கூச்சம். “அப்படியானால் நான் சாப்பிடும் இடத்துக்கு வாருங்கள்” என்றார். ஓடுபாதைக்குப் பின்னால் தகரக் கூரைக் கடை. சுமைகாரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் டிண்டோ வந்தது. கோதோ மாவில் கிண்டியது. கோதோ என்றால் கேழ்வரகு. அதே கருநிறம், அதே வாசனை, கூடவே புளித்த கீரையில் வைத்த குண்ட்ருக் சாறு.

விரலால் ஒரு குழி செய்து, சாறு விட்டு, உருண்டையைக் கிள்ளித் தோய்த்து மெல்லாமல் விழுங்கினேன். பாய் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

“உங்கள் ஊரிலும் கோதோ விளைகிறதா?”

“எங்கள் பாட்டி வீட்டில் தினமும் இதுதான், களி என்று பெயர்.”

அவர் அதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், அவர் அடுத்தவரிடம். கடைக்கார அம்மா கேளாமலே என் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தார். பாய் மகளுக்குக் குழி செய்வது எப்படி என்று காட்டிக்கொண்டிருந்தார்.

விடிகாலை ஐந்துக்கு அவர் கிளம்புகிறார். வீட்டுக்கு இரண்டு நாள் நடை. மீதி நார்த்தங்காயைப் பொட்டலமாகக் கட்டி அவர் கூடையில் வைத்துவிட்டேன்.