பலகையின் மறுமுனை

பயிற்சிப் பட்டறையில் தச்சு வேலை கற்றுக்கொடுக்கத் தொடங்கிப் பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. புதிதாகச் சேர்கிறவர்களிடம் ‘அப்பாவுக்கு என்ன வேலை?’ என்று நான் கேட்பதில்லை. தச்சர் வீட்டுப் பிள்ளை என்றால் முதல் பலகையை அறுக்கும்போதே தெரிந்துவிடும்.

ரம்பம் பலகையைக் கடந்து வெளியே வரப்போகும் கடைசி விரற்கடையில் ஓசை மெலியும். அப்போது வேகத்தைத் தணித்து, விழப்போகும் துண்டை இடது கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். தாங்காவிட்டால் துண்டு தன் கனத்திலேயே முறிந்து, அடியில் நீளமாக ஒரு சிராயைப் பிய்த்துக்கொண்டு போகும். முன்பெல்லாம் இதை நான் மூன்றாவது நாள்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு மாணவன் முதல் நாளே, கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல், இடது கையைத் துண்டுக்கு அடியில் கொண்டுபோனான்.

“யார் சொல்லிக்கொடுத்தது?” என்று கேட்டேன்.

“யாரும் இல்லை சார். அப்பா ரம்பத்தைத் தொடவே விடமாட்டார். அவர் அறுக்கும்போது பலகையைப் பிடித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.”

அந்த ‘அவ்வளவுதான்’ எத்தனை பெரியது என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்பா கொடுத்த முதல் வேலை பலகையின் மறுமுனையைப் பிடிப்பதுதான். பிடித்த முனையைக் கொஞ்சம் தூக்கினால் அறுத்த இடைவெளி மேலே மூடிக்கொள்ளும், ரம்பம் சிக்கும். கொஞ்சம் தாழ்த்தினால் இடைவெளி விரியும். மரம் பிளக்கப் பார்க்கும். அப்பா ஒரு வார்த்தை பேசமாட்டார். ரம்பம் நிற்கும், அவர் நிமிர்ந்து பார்ப்பார், நான் சரிசெய்துகொள்வேன். ரம்பத்தின் ஒவ்வொரு இழுப்பும் மரத்தின் வழியாக என் உள்ளங்கைக்கு வந்து சேரும். எந்த மரம் முரண்டு பிடிக்கும், எங்கே கணு இருக்கிறது, அப்பாவுக்கு எப்போது கை சோர்கிறது என்பதெல்லாம் அங்கிருந்தே தெரியும். ஏழெட்டு ஆண்டுகள் இப்படிப் போயின. அதன் பிறகே ரம்பம் என் கைக்கு வந்தது.

‘குலவித்தை கல்லாமல் பாகம் படும்’ என்று ஒரு பழமொழி உண்டு. குலத்தொழில் கற்காமலேயே பாதி வந்துவிடும் என்று பொருள். ‘பாகம் படும்’ என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ‘கல்லாமல்’ என்பதை ஏற்க மாட்டேன். அந்தப் பையன் ஆயிரக்கணக்கான மணி நேரம் கற்றிருக்கிறான். அதற்குப் பாடம் என்று யாரும் பெயர் வைக்காததால், கற்றது அவனுக்கே தெரியவில்லை. அதை ரத்தத்தில் வந்தது என்று சொல்வது அவனுடைய உழைப்பையும் மறைக்கிறது, அந்த ரத்தம் இல்லாதவனுக்குக் கதவையும் சாத்துகிறது. இரண்டாவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

ஜீன் லேவ் என்ற மானிடவியலாளர் 1970களில் லைபீரியாவில் தையற்காரர்களிடம் தொழில் பழகுகிறவர்களைக் கூர்ந்து கவனித்தவர். அங்கே துணியை வெட்டுவது கடைசிப் பாடம். பொத்தான் தைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது போன்ற முடிப்பு வேலைகள்தான் முதலில். பொத்தான் தவறினால் பிரித்துத் தைக்கலாம்; வெட்டு தவறினால் துணியே போயிற்று. அதோடு, முழு உடுப்பும் முதல் நாளிலிருந்தே பழகுகிறவன் கையில் இருக்கிறது. இதைப் படித்த அன்று, அப்பா எனக்கு ரம்பத்தைத் தராமல் இருந்ததைப் பற்றி மனத்தில் கிடந்த கோபம் போய்விட்டது.

ஆனால் பக்கத்தில் நிற்கிற பிள்ளை நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்வதில்லை. அப்பா ஆணிகளை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்வார், நானும் செய்தேன். உளி போகும் பாதையிலேயே இடது கையை வைத்து மரத்தை அழுத்திப் பிடிப்பார். அந்தப் பழக்கத்தை விடுவதற்குள் என் கட்டைவிரலில் இரண்டு தழும்புகள் விழுந்துவிட்டன. தச்சர் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பாடுபடுவது இப்படிப்பட்ட பழக்கங்களைப் பிடுங்குவதற்குத்தான்.

அப்பாவின் தொழிலைப் பிள்ளை விட்டுவிட்டான் என்று வருந்துகிறவர்களிடம் ஜான் ஹாரிசனைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்தில் ஒரு தச்சரின் மகன் அவர். 1713இல் அவர் செய்த கடிகாரத்தில் பற்சக்கரங்கள்கூட மரம்தான். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் காலமானியைப் பின்னாளில் உருவாக்கியவரும் அவரே. 1761இல் அதைச் சோதிக்க ஜமைக்கா வரை கப்பலில் கொண்டுபோனவர் அவருடைய மகன் வில்லியம். தச்சு கடிகாரமாயிற்று, கை அதே கைதான்.

சில ஆண்டுகளாக என் வகுப்பில் முதல் வாரம் யாருக்கும் ரம்பம் கொடுப்பதில்லை. நான் அறுப்பேன், முறைவைத்து ஒவ்வொருவரும் மறுமுனையைப் பிடிப்பார்கள். சிலருக்குச் சலிப்பு வரும். “எப்போது சார் எங்களிடம் தருவீர்கள்?” என்று கேட்பார்கள். பொறுக்கச் சொல்வேன். பாடத்திட்டத்தில் இதற்கு இடம் கிடையாது. வேறு எதிலிருந்தாவது அந்த நேரத்தை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த ஆண்டு ஒரு பெண் சேர்ந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர் என்று விண்ணப்பத்தில் பிறகு பார்த்தேன். இரண்டாவது வாரம் அவள் கைக்கு ரம்பம் போயிற்று. முதல் நாலைந்து பலகைகளிலும் அடியில் சிராய். மறுநாள் நான் வேறொருவனுக்கு இழைப்புளியின் அலகைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து வந்த ரம்பத்தின் ஓசை மெலிவது கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் கண் கோட்டில் இருந்தது. இடது கை துண்டுக்கு அடியில் போயிருந்தது. நான் எதுவும் சொல்லாமல் அலகுப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.