பாக்டீரியா செங்கல்: ஏழாவது குழாய்

மணல் நிரப்பிய குழாயில் பாக்டீரியாவையும், யூரியாவும் கால்சியமும் கலந்த கரைசலையும் ஊற்றினால், உள்ளே சுண்ணாம்பு உண்டாகி மணலை ஒட்டிக் கல்லாக்கும். அதைத்தான் மொட்டைமாடியில் செய்து பார்க்கிறேன். நேற்று ஏழாவது குழாயைப் பிளந்தேன். உள்ளே உருளை முழுசாக நின்றது! அடியில் இரண்டு விரற்கடை மட்டும் பொலபொலவென்று உதிர்ந்தது. மீதியை நகத்தால் கீறிப் பார்த்தேன், தேய்ந்தது நகம்தான். முதல் ஐந்து குழாயிலும் மேலே அடை கனத்துக்குப் பாறை, அதற்குக் கீழே வெறும் மணல். ஆறாவதைப் பிறகு சொல்கிறேன்.

கல்ச்சர், அதாவது நான் வளர்த்து வைத்திருக்கும் பாக்டீரியா, பழையதுதான், மாட்டுக் கொட்டகை மண்ணிலிருந்து எடுத்தது. இந்த வேலைக்குப் பேர்போன ஸ்போரோசார்சினா பாஸ்டியூரை பாக்டீரியா என்று பெருமையடிக்க மாட்டேன். அதன் பங்காளிகள் கூட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூரியா உடைந்து காரம் ஏறினால் பீனால் ரெட் என்ற சாயம் நிறம் மாறும். அது இளஞ்சிவப்பானால் எனக்குப் போதும். குழாய் 2 அங்குல பிவிசி, அரை அடி உயரம். மணல், எங்கள் வீடு கட்டியபோது மிஞ்சிய பாலாற்று மணல். இன்றைக்கு அதற்குத் தங்க விலை. எம் சாண்டில் ஒருமுறை செய்தேன். அதிலுள்ள தூசியே வழியை அடைத்துவிட்டது.

இந்த மேல் அடைப்பு என் இரண்டு மாதத்தைத் தின்றது. கரைசலின் அடர்த்தியைக் குறைத்தேன், மணலைச் சலித்தேன், மெடிக்கலில் ட்ரிப் செட் வாங்கிச் சொட்டுச் சொட்டாக விட்டேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில்தான் உறைத்தது: நான் பின்பற்றிய செய்முறைகள் எல்லாம் 20, 25 டிகிரி ஆய்வகத்துக்கு எழுதப்பட்டவை. வேலூர் சத்துவாச்சாரி மொட்டைமாடியில், அக்னி நட்சத்திரத்தில், 40 டிகிரியில் எவன் செய்து பார்த்தான்? பாக்டீரியாவுக்குச் சுகமான சூடு 30 டிகிரி வாக்கில். ஆனால் யூரியாவை உடைக்கும் அதன் யூரியேஸ் நொதி அதைத் தாண்டியும் சூடு ஏற ஏற வேகமெடுக்கும். யூரியா சட்டென்று உடைந்து, கார்பனேட் கால்சியத்தோடு சேர்ந்து, மணலுக்குள் இறங்கும் முன்பே சுண்ணாம்பாக உட்கார்ந்துவிடுகிறது.

சோதிக்க எவர்சில்வர் டம்ளரே போதும். கல்ச்சரையும் கரைசலையும் அதில் கலந்தால், மதியம் இரண்டே நிமிடத்தில் பால் போல வெளுத்தது. இரண்டையும் ஃபிரிட்ஜில் வைத்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கலந்தால் பன்னிரண்டு நிமிடம் தாங்கியது. கொஞ்சம் வினிகர் விட்டால் இருபதுக்கு மேல். புளிப்பில் நொதி மந்தமாகிவிடும். பிறகு யூரியா உடைந்து வரும் அம்மோனியாவே புளிப்பை முறித்துவிடும். அதற்குள் கரைசல் அடிவரை போய்ச் சேர்ந்துவிடுகிறது. ஆறாவது குழாயில் கை தவறி வினிகர் கொட்டிவிட்டது. மூன்று நாள் ஆகியும் ஈர மணல், ஈர மணலாகவே இருந்தது. ஏழாவதில்தான் வினிகர் அளவாக விழுந்தது.

இன்னொரு மடத்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். ராணிப்பேட்டையில் வாங்கிய கால்சியம் குளோரைடு செதிலாக வரும், அதில் தண்ணீர் சேர்ந்திருக்கும். லிட்டருக்கு 1 மோல் (வேதியியலில் பொருளை எண்ணும் அளவு) என்றால் 147 கிராம் போட வேண்டும். நான் மூன்று குழாய்வரை நீரற்றதற்கான 111 கிராம் கணக்கிலேயே போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அரை மோல் கரைசல், வேளைக்கு 120 மில்லி. பத்து வேளைக்குக் கணக்குப்படி அதிகபட்சம் 60 கிராம் சுண்ணாம்பு.

யூரியாவுக்குப் பட்ட பாடு தனி. உரக்கடையில் 45 கிலோ மூட்டைதான். ஆதார் கேட்டார்கள், "எத்தினி ஏக்கர்?" என்றார்கள். நாலு தொட்டிச் செடி என்று எப்படிச் சொல்வது? அதோடு 2015-லிருந்து எல்லாமே வேம்பு பூசியது. கடைசியில் செதில் வாங்கிய கடையிலேயே பூச்சில்லாத ரகத்தில் ஒரு கிலோ கேட்டு வாங்கிக்கொண்டேன்.

நாற்றம் பற்றிக் கேட்காதீர்கள். ஆயா முதல் நாளே, "இன்னாடா இது, மூத்திரச் சந்து மாரி" என்று மூக்கைப் பொத்திக்கொண்டார். தோல் ஷாப்பில் முப்பது வருடம் வேலை பார்த்த மாமா மட்டும் நன்றாக இழுத்துவிட்டு, "டீலைமிங் டிரம் தொறந்தா இதே வாசனதான்" என்றார். அங்கே தோலிலிருந்து சுண்ணாம்பை எடுக்க அம்மோனியம் உப்பு. இங்கே சுண்ணாம்பு உண்டாகும்போது அதே உப்பு கழிவாக வருகிறது. நிறையத் தண்ணீர் கலந்து தென்னைக்கு விடுகிறேன். தென்னைக்குக் குளோரைடு பிடிக்கும்.

எட்டாவது குழாயில் கீழிருந்து மேலே ஏற்றிப் பார்க்கப் போகிறேன், அந்த இரண்டு விரற்கடைக்காக. கொத்தவரைப் பிசினும் வாங்கி வைத்திருக்கிறேன். 2020-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் நிலவு மண் மாதிரிப் பொடியில் கல் செய்தபோது அதைத்தான் சேர்த்தார்கள். மொட்டைமாடி விரிசலுக்கு மட்டும் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் ஆய்வாளர் ஹென்க் யோங்கர்ஸ் செய்த வழி: பாக்டீரியா வித்துகளும் கால்சியம் லாக்டேட்டும். அதில் யூரியாவே இல்லை, ஆயாவும் திட்டமாட்டார்.

ஏழாவது உருளையை நேற்றிரவு வாளித் தண்ணீரில் போட்டேன். காலையில் எடுத்தபோது அடியில் ஒரு சிட்டிகை மணல்தான். துடைத்துத் திண்ணையில் வைத்திருந்தேன். ஆயா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குதிகாலு தேய்க்கவா?" என்று கேட்டார்.