15 அங்குல பேரலுக்கென்று ஒரு தோட்டா: வரைபடத்திலிருந்து வேட்டை வரை

வேட்டைக் கைத்துப்பாக்கி என்றதும் நிறைய பேருக்கு ரிவால்வர்தான் ஞாபகம் வரும். நான் சொல்வது அது இல்லை. ரைஃபிளில் இருக்கிற அதே போல்ட், 15 அங்குல பேரல், மேலே ஸ்கோப், ஆனால் தோளில் வைத்து அழுத்தப் பின்கட்டை கிடையாது, மணல் பை மேலோ இருகால் தாங்கி மேலோ வைத்துச் சுடுகிற ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கி. இதற்காகவே ஒரு தோட்டாவை வடிவமைத்து, பேரலில் அந்தத் தோட்டா உட்காரும் அறையை (சேம்பர்) குடைகிற ரீமர் என்ற வெட்டுக்கருவியைச் செய்யச் சொல்லி, பேரல் போட்டு, மான் வேட்டைக்கு எடுத்துப் போகலாம் என்று நம்பிக்கை வரும் வரை நடந்ததை எழுதுகிறேன். வெடிமருந்து அளவு எதையும் இதில் தரப்போவதில்லை. என் சேம்பருக்குச் சரியான அளவு இன்னொரு சேம்பரில் ஆபத்தாக முடியும்.

மருந்தையும் குண்டையும் தாங்கும் பித்தளைக் கூட்டிலிருந்து நான் தொடங்கவில்லை, குண்டிலிருந்து தொடங்கினேன். வேட்டைக் குண்டு மானின் உடம்புக்குள் விரிய வேண்டும், விரியாமல் ஊசி மாதிரி துளைத்துக்கொண்டு போனால் அடிபட்ட மான் வெகுதூரம் ஓடிப்போய் வேதனையில் சாகும். நிறைய குண்டுகளுக்கு அப்படி விரிய நொடிக்கு 1800 அடி வேகமாவது தேவை, எந்தக் குண்டுக்கு எவ்வளவு என்று தயாரிப்பாளரே சொல்லிவிடுவார். 300 கெஜத்தில் அந்த வேகம் மிச்சம் இருக்க வேண்டும், இதுதான் என் கணக்கு. அங்கிருந்து பின்னால் வந்தால், காற்றைக் கிழித்துப் போகிற 6.5 மி.மீ., 120 கிரெய்ன் (சுமார் 8 கிராம்) எடையை ஒட்டிய குண்டு பேரல் முனையில் சுமார் 2400 அடி வேகத்தில் கிளம்பினால் போதும் என்று வந்தது.

இந்த இடத்தில்தான் பெரிய கூடு ஆசை காட்டும். .308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவின் கூட்டில் சுமார் 56 கிரெய்ன் தண்ணீர் பிடிக்கும், கூட்டின் கொள்ளளவை இப்படித் தண்ணீர் எடையில்தான் அளப்பார்கள். அதையே 6.5க்கு ஒடுக்கினால் நீளமான ரைஃபிளில் அற்புதமாக வேலை செய்யும். 15 அங்குலத்திலோ, அத்தனை மருந்தும் எரிந்து குண்டைத் தள்ளி முடிப்பதற்குள் குண்டு வெளியே போய்விடும். மிச்சமெல்லாம் தீப்பிழம்பாகவும் காது கிழிகிற சத்தமாகவும் உதையாகவும் வரும், வேகம் கொஞ்சம்தான் கூடும். துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன் 1963இல் எக்ஸ்பி-100 கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்தபோது இதையேதான் சந்தித்தது. முதலில் .222 ரெமிங்டன் தோட்டாவைப் போட நினைத்து, குட்டை பேரலில் தீயும் சத்தமும் தாங்காமல் கூட்டைக் குட்டையாக்கி .221 ஃபயர்பாலை உருவாக்கினார்கள். 1970களில் தொடங்கிய கைத்துப்பாக்கி சில்லவுட் (விலங்கு வடிவ இரும்புத் தகடுகளைச் சுட்டுச் சாய்க்கும்) போட்டிகளில் 200 மீட்டரில் நிற்கும் இரும்புச் செம்மறியாட்டைச் சாய்க்க வேண்டும், அதற்குப் பிரபலமான 7 மி.மீ. டிசியு தோட்டா வெறும் .223 கூட்டின் கழுத்தை விரித்துச் செய்ததுதான். இந்தத் துப்பாக்கிகளில் கூட்டைக் குறைப்பதுதான் பாதி வடிவமைப்பு என்பேன்.

சரி, எந்தக் கூடு? 6 மி.மீ. பிஆர் என்ற தோட்டாவின் கூட்டை எடுத்து, கழுத்தை 6.5க்கு விரிப்பது என்று முடிவு செய்தேன். சுமார் 38 கிரெய்ன் தண்ணீர், குட்டையாகவும் தடிமனாகவும் இருக்கும், அடிப்பாகம் .308 அளவு என்பதால் போல்ட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, நல்ல தரத்தில் கிடைக்கவும் செய்கிறது. இந்த யோசனை எனக்கு முன்னாலேயே பலருக்கு வந்ததுதான், ஆனால் தொண்டைப் பகுதியை (சேம்பரின் முன்பக்கம் குண்டு நிற்கும் இடம்) என் குண்டுக்கும் என் பேரலுக்கும் ஏற்ப நானே வரைய விரும்பினேன். கூடுகளை மாற்றியமைப்பதில் பேர்பெற்ற அமெரிக்கத் துப்பாக்கி வல்லுநர் பி.ஓ. ஆக்லி வழியில் கூட்டின் தோளை (கழுத்துக்குக் கீழே இருக்கிற சரிவை) 40 டிகிரிக்கு நிமிர்த்தலாமா என்றும் பார்த்தேன். கொள்ளளவு கொஞ்சம் கூடும், ஆனால் ஒவ்வொரு கூட்டையும் ஒருமுறை சுட்டு விரிவடைய வைத்தால்தான் அது முழு வடிவத்துக்கு வரும். அந்த லாபத்துக்கு அவ்வளவு பேரல் ஆயுளைச் செலவழிக்க மனசு வரவில்லை, தோளை அப்படியே 30 டிகிரியில் விட்டேன்.

ரீமர் வரைபடத்துக்குத்தான் அதிக நேரம் போனது, போகவும் வேண்டும். கழுத்தை விரிக்கும்போது இரண்டு விஷயம் நடக்கும். கூட்டின் நீளம் இம்மி குறையும், அப்புறம் தோளில் இருந்த தடித்த பித்தளையில் கொஞ்சம் கழுத்தின் அடிக்கு ஏறி உள்பக்கம் ஒரு வளையமாக நிற்கும். குண்டின் அடி அந்த வளையத்தைத் தொட்டால் கூடு குண்டைப் பிடிக்கிற பிடி ஒவ்வொரு தோட்டாவிலும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும். அதனால் மருந்தும், அதைப் பற்றவைக்கிற பிரைமரும் இல்லாத மாதிரித் தோட்டாக்கள் சில செய்து, குண்டின் அடி வளையத்துக்கு மேலேயே நிற்கும்படி வைத்து, அந்த மொத்த நீளத்துக்குத் தொண்டையை வெட்டச் சொன்னேன். கழுத்தின் வெளிவிட்டம் மைக்ரோமீட்டரில் .290 அங்குலத்தை ஒட்டி வந்தது, ரீமரில் .293 கேட்டேன். அந்த ஆயிரத்தில் மூன்று பங்கு இடைவெளி இல்லாவிட்டால் கழுத்து விரிந்து குண்டை விட இடம் இருக்காது, அழுத்தம் எகிறிவிடும். மாதிரித் தோட்டாக்களையும் வரைபடத்தோடு சேர்த்து அனுப்பினேன், இதைச் செய்யாமல் யாரும் ரீமர் சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

வரைவதற்கு முன்னாலேயே சட்டத்தையும் பார்த்துவிட்டேன். அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த பேரலோடு இருக்கிற இந்த மாதிரித் துப்பாக்கியில் பின்கட்டை மாட்டினால் அது 1934ஆம் வருட தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கட்டுப்பாடுகளுக்குள் போய்விடும். கைத்துப்பாக்கியால் மான் வேட்டையாட எந்தத் தோட்டா செல்லும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

பேரல் கைக்கு வந்ததும் செரோசேஃப் உருக்கி ஒரு சேம்பர் வார்ப்பு எடுத்தேன். கொதிக்கிற தண்ணீர்ச் சூட்டுக்கும் குறைவான வெப்பத்தில் உருகும் உலோகக் கலவை அது. பேரலுக்குள் தொண்டைக்குக் கொஞ்சம் முன்னால் துணியால் அடைத்துவிட்டு ஊற்ற வேண்டும், முதல் அரைமணி நேரம் சுருங்கும், அப்போது தட்டி வெளியே எடுத்துவிட வேண்டும், அப்புறம் மெல்ல விரிந்து ஊற்றி ஒரு மணி நேரம் ஆகும்போது சேம்பரின் அசல் அளவுக்கு வரும். அந்த நேரத்தில் அளந்தால்தான் சரி. வெள்ளி நிறத்தில் பளபளவென்று கையில் வந்த அந்த வார்ப்பில் தோளின் விளிம்பும், ரைஃபிளிங் (குண்டைச் சுழல வைக்கிற பள்ளங்கள்) தொடங்குகிற சரிவும் ரீமர் விட்ட மெல்லிய வரிகளோடு தெரிந்தன. கழுத்து .293. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இப்படிப்பட்ட தோட்டாவுக்கு அச்சிட்ட மருந்து அட்டவணை கிடையாது. கணினிக் கணக்கு ஒரு மதிப்பீடு மட்டும்தான். மிகவும் கீழேயிருந்து தொடங்கி, வேகமானியை வைத்துக்கொண்டு மெதுவாக ஏறினேன். பிரைமர் தட்டையாகிறதா என்று மட்டும் பார்ப்பவர்களை நான் நம்புவதில்லை, எதிர்பார்த்ததைவிட வேகம் கூடுகிறது என்றால் அழுத்தமும் கூடுகிறது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்த வேண்டும். 2400 அடி வேகத்தைத் தாண்டியதும் இலக்கில் குண்டுத் துளைகள் நெருங்கி விழுந்தன, நானும் நிறுத்திக்கொண்டேன். 300 கெஜத்தில் வேகம் 1850 அடிக்கு மேல் நிற்கிறது. அதற்கு அப்பால் நிற்கிற மானை நான் சுடுவதில்லை, இலக்குப் பலகையில் 500 கெஜத்தில் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் சரி.

இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. கூட்டின் அடியில் இன்னும் 6 மி.மீ. பிஆர் என்றே பொறித்திருக்கிறது, சேம்பரோ 6.5. அதனால் தோட்டாவின் பெயரையும் ரீமரின் கழுத்து அளவையும் பேரல் மேலேயே ஆழமாகப் பொறிக்கச் சொன்னேன், பெட்டிகளிலும் அதே பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். ரீமர் வரைபடத்தின் ஒரு நகல் துப்பாக்கிப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, எனக்குப் பிறகு இதை யார் எடுத்தாலும் முதலில் அது கண்ணில் படும்.